நம்பர்காரரின் நோட்டு

நம்பர்காரரை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது நாகரிகத்துக்காகச் சொல்வது. அவரை நான் துச்சமாக நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் அந்த முடிவுக்கு வந்துவிட்டேன். அடுத்த மூன்று மாதத்தில் அதை மாற்றிக்கொள்ள அவர் ஒரு காரணமும் தரவில்லை.

எங்களுடையது கட்டட வரைபடங்கள் போட்டுத் தரும் அலுவலகம். இரண்டு மாடி, ஐம்பத்திரண்டு கம்ப்யூட்டர். எல்லா வயர்களும் கீழ்த்தளத்தில் ஓர் இருட்டறைக்குள் போய் முடிகின்றன. அந்த அறையின் சாவி இருபத்திரண்டு வருடமாக அவர் இடுப்பில்தான் இருந்தது.

அவர் அங்கே அதிகாரியாக வரவில்லை. வயர் இழுக்கிற கூட்டத்தில் ஒருவராக, ஏணியோடு வந்தார். வேலை முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். இவரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். காரணம், எந்த வயர் எந்த மேஜைக்குப் போகிறது என்பது இவருக்கு மட்டும்தான் தெரியும். சாதாரண வயர்மேன்கூட இரண்டு முனையிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டுத்தான் போவான். இவர் ஒட்டவில்லை. மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது: ஒட்டாத அந்தக் காகிதம்தான் அவருடைய வேலை நியமனக் கடிதம்.

அவருக்கு அறுபது வயது முடிய மூன்று மாதம் இருந்தபோது என்னை எடுத்தார்கள். மேனேஜர் எங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"இவர் போற அன்னைக்கு, இவரைக் கூப்பிடாம இந்த ஆபீஸ் ஓடணும். ஓடுச்சுன்னா உனக்கு வேலை நிரந்தரம். ஓடலைன்னா இவரையே இன்னும் ரெண்டு வருஷம் வச்சுக்குவோம். உனக்கு வேற இடம் பார்த்துக்கோ."

இதை அவர் முன்னாலேயே சொன்ன மேனேஜரின் புத்தியை நான் இன்றும் வியக்கிறேன். எனக்குக் கற்றுக்கொடுக்காமல் இருந்தால் இரண்டு வருடம் கிடைக்கும் என்று அவருக்குக் கையில் எழுதிக் கொடுத்த மாதிரி. நம்பர்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பல் தெரியாமல், மீசை மட்டும் அசைகிற சிரிப்பு.

எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். அப்பா லாரி ஷெட்டில் டயர் கழற்றுகிறவர். நான் வேலையில் சேர்ந்த வாரமே அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் 'நெட்வொர்க் ஆபீசர்' என்று சொல்லிவிட்டார். அப்படியொரு பதவி எங்கள் அலுவலகத்திலேயே இல்லை. ஆனால் அந்தப் பதவியிலிருந்து நான் மூன்று மாதத்தில் இறங்கி வந்தால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார் என்ற கேள்வி மட்டும் நிஜமாக இருந்தது.

அவருக்கு நம்பர்காரர் என்று ஏன் பெயர் வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு அலுவலகத்துக்குள் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் உண்டு. வீட்டுக் கதவு எண் மாதிரி. அந்த எண்ணை வைத்துத்தான் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். இந்தக் காலத்தில் யாரும் இதைக் கையால் கொடுப்பதில்லை. அதற்கென்று உள்ள பெட்டி தானாகவே கொடுத்துவிடும். நம்பர்காரர் கையால் கொடுத்தார். அதுவும் பதவி வரிசைப்படி. மேனேஜருக்கு ஒன்று. துணை மேனேஜருக்கு இரண்டு. தலைமைப் பொறியாளருக்கு மூன்று. வரைபடம் போடுகிறவர்கள் இருபதில் தொடங்குவார்கள். வரவேற்பு மேஜைப் பெண்ணுக்குத் தொண்ணூற்றொன்பது. யாருக்காவது பதவி உயர்வு வந்தால் இவர் வேட்டைக்குப் போகிற மாதிரி நோட்டோடு கிளம்பிப் போய் எண்ணை மாற்றுவார். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆள், கம்ப்யூட்டருக்கு அந்த எண் பெரிதா சிறிதா என்று ஒன்றும் தெரியாது என்பதை அறியாமல், "ரொம்ப நன்றி சார்" என்பார்.

"எனக்கு என்ன நம்பர் சார்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"நீ நிரந்தரமா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்ப நம்பர் எதுக்கு? பழைய பிரிண்டர் நம்பர் ஒண்ணு சும்மா கிடக்கு. அதை வச்சுக்கோ."

நான் வெளியே வந்து தனியாகச் சிரித்தேன். பிரிண்டர் எண்ணில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறோமே என்று அப்போது தோன்றவில்லை.

அவரிடமிருந்து பாஸ்வேர்டு வாங்குவது தனிக் கலை. காலையில் அவர் மேஜைக்கு டீ வாங்கிக்கொண்டு போக வேண்டும். மேஜைக்குக் கீழே, யாரும் தொடக் கூடாது என்று அவர் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் கால் படாமல் நிற்க வேண்டும். அவருக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். மாப்பிள்ளை எப்படிப்பட்ட தண்டம் என்று அவர் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டும். கடைசியில், "இன்னைக்கு மனசு நல்லாருக்கு, ஒண்ணு சொல்றேன் எழுதிக்கோ" என்பார். இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைத்தது மூன்று. அதில் பிரிண்டருக்கானது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"இது பாஸ்வேர்டா சார்?"

"உனக்குத் தெரிஞ்சுதா இவ்வளவு நாளா? தெரியலல்ல. அப்ப அது நல்ல பாஸ்வேர்டுதான்."

இதற்குப் பதில் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை.

மேல்மாடியில் வரைபடப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். பதினோரு வருட அனுபவம். கோட்டைப் பார்த்தே சுவர் எத்தனை அங்குலம் என்று சொல்வார். ஆனால் அவர் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு வியாதி. அவசர வேலை இருக்கிற நாளாகப் பார்த்து நெட்வொர்க் அறுந்துவிடும். ஃபைல் திறக்காது, சேமிக்காது. அவர் கீழே போன் செய்வார். நம்பர்காரர் கால்மணி நேரம் கழித்துத் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு மாடி ஏறி வருவார். வயரை ஒரு தட்டுத் தட்டுவார். சரியாகிவிடும்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டட வரைபடம் அக்காவால் அரை நாள் தாமதமானது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஏம்மா, ஐம்பத்திரண்டு மெஷின்ல உங்க மெஷினுக்கு மட்டும் எப்படிக் காய்ச்சல் வருது?"

"நான் என்ன சார் பண்ண? நான் வேலை செய்யத்தான் வர்றேன், வைத்தியம் பார்க்கவா வர்றேன்?"

அந்த மாதம் பிரிவுத் தலைவர் பதவி அவருக்கு வர வேண்டியது. அவரிடம் வேலை கற்ற ஒருவருக்குப் போனது. நானும் அக்காவின் மெஷினை இரண்டு முறை பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. "நீயும் படிச்சுட்டு வந்து என்னத்த கண்டுபிடிச்ச?" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

கடைசி வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை அவர் ஓய்வு பெறுகிறார். எல்லா வயர்களும் வந்து சேர்கிற முதன்மைப் பெட்டி, அதாவது பெரிய சுவிட்ச், அதன் பாஸ்வேர்டு மட்டும் இன்னும் என் கைக்கு வரவில்லை. அதன்மேல் ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது: 'அணைக்காதே. மீறினால் நீயே பொறுப்பு.' எழுத்துகளுக்குக் கீழே மண்டையோடு வேறு வரைந்திருந்தார்.

"சார், செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி அதைச் சொல்லிடுங்க."

"செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கே."

"நாலு நாள்தான் சார்."

"நாலு நாள்ல உலகத்தையே படைச்சிடலாம் தம்பி. நீ டிகிரி வேற படிச்சிருக்கே."

எனக்கு வெறுத்துவிட்டது. அந்த வகைப் பெட்டியை அணைத்து, முன்பக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டே மறுபடி போட்டால் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும். செய்த மாற்றங்கள் எல்லாம் உள்ளே சேமித்திருக்கும், ஒன்றும் கெடாது. இதை இரண்டாம் வருடப் பாடத்திலேயே எழுதித் தேறியிருக்கிறேன். சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. காவலாளியிடம் மாற்றுச் சாவி வாங்கிக்கொண்டு காலையில் போனேன். மண்டையோட்டு அட்டையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதில் ஒரு சுகம் இருந்தது. மின்சாரத்தை அணைத்தேன். பொத்தானை அழுத்தினேன். போட்டேன்.

உள்ளே விட்டது. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முந்தைய அமைப்பு மட்டும் இருந்தது. அப்போது இந்த அலுவலகத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்தான். மேல்மாடி என்ற ஒன்றே அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை.

அந்தப் பெட்டியில் ஒரு மாற்றம் செய்தால் கடைசியில் சேமிக்கச் சொல்லி ஒரு சொல் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டாலும் மாற்றம் வேலை செய்யும், பெட்டியை அணைக்கும்வரை. ஒன்பது வருடமாக அவர் அந்த ஒரு சொல்லை அடிக்கவே இல்லை. ஒன்பது வருடமாக அந்த அலுவலகம் முழுக்கப் பெட்டியின் ஞாபகத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி அதை அணையவிடாமல் வைத்திருந்தது. ஞாபகத்தை நான் அழித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பள்ளிக்கூட வரைபடம் போக வேண்டும். எழுபது ஷீட். ஐம்பத்திரண்டு வயருக்கும் பெயர் இல்லை. யாருடைய மெஷினுக்கு எந்த ஃபோல்டர் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் இருக்கிற ஒரே இடம் அவருடைய நோட்டு. அதை அவர் தினமும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்.

மதியம் அவர் வீட்டைத் தேடிப் போனேன். மூன்றாவது மாடியில் குறுகலான வீடு. கதவைத் திறந்த அவர் மனைவி என்னை உட்காரச் சொன்னார். டி.வி. முன்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். டி.வி. அணைந்திருந்தது.

"ரிமோட் அப்பா பாக்கெட்ல இருக்கு," என்றாள், நான் கேட்காமலே. "நீங்க ஆபீஸா? அப்பாவோட புது ஆளா? அப்ப ஒரு உதவி பண்ணுங்க. வீட்டு வைஃபை பாஸ்வேர்டு என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"உங்களுக்கே தெரியாதா?"

"எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் தம்பி," என்றார் அம்மா. "அதுவும் அவர் சாப்பாடு நல்லாருந்துச்சுன்னா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சிரிப்பு. இந்த மனிதர் தம் இருபத்திரண்டு வருடத்தையும் அலுவலகத்தில் விட்டுவிட்டு வருவதில்லை, வீட்டுக்கும் கட்டிக்கொண்டுதான் வருகிறார் என்று தெரிந்தது.

அவர் உள்ளறையிலிருந்து பனியனோடு வந்தார். நான் சொன்னேன். சொல்லி முடித்ததும் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னை பால்கனிக்கு அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"எல்லாமே போச்சா?"

"பன்னிரண்டு மெஷின் இருக்கு சார்."

"நான் எழுதித்தானே வச்சிருந்தேன், அணைக்காதேன்னு."

"ஏன்னு எழுதலையே சார். நீங்க ஏன் சேமிக்கல?"

அவர் கீழே தெருவைப் பார்த்தார்.

"அந்தப் பெட்டியை வச்சுட்டுப் போன இன்ஜினியர் போன்ல சொல்லுவார், நான் அப்படியே அடிப்பேன். ஒரு தடவை கரண்ட் போய் வந்துச்சு. எல்லாம் அழிஞ்சுது. அவரே வந்து போட்டுக் கொடுத்தார். அப்புறம் அவர் நம்பர் மாறிடுச்சு. அன்னையிலேர்ந்து பேட்டரி போட்டு, அதை அணைக்கவே விடல."

"அந்த ஒரு சொல்லு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"யாரைக் கேக்கச் சொல்றே? எனக்குத் தெரியாதுன்னு யார்கிட்ட போய்ச் சொல்ல? திங்கக்கிழமை மேனேஜர் என்னைத்தான் கூப்பிடுவார். நான் வந்து என்ன பண்ணுவேன், சொல்லு."

எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டயர் கழற்றுகிற என் அப்பா தெரியாததைத் தெரியாது என்று பத்து பேர் முன்னால் சொல்வார். இவரால் ஒருவரிடம்கூடச் சொல்ல முடியவில்லை. அதற்காக ஐம்பத்திரண்டு பேரைப் பெட்டியின் ஞாபகத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"நோட்டைக் குடுங்க. நான் எல்லாத்தையும் திருப்பிப் போடுறேன்."

கொண்டுவந்தார். கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. வயர் எண், மேஜை, ஆள், எண், திறக்க வேண்டிய ஃபோல்டர் எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தது. கையெழுத்து அழகாகவே இருந்தது. ஆனால் சில பெயர்களுக்கு எதிரே, தேதி போட்டு, சிவப்பு மையில் புள்ளிகள். கணக்கு எழுதுகிறவருக்கு இரண்டு. வரவேற்புப் பெண்ணுக்கு நான்கு. வரைபடப் பிரிவு அக்காவுக்குப் பத்தொன்பது. கடைசிப் புள்ளியின் தேதி ஆஸ்பத்திரி வரைபடம் தாமதமான நாள்.

"இது என்ன சார்?"

"அது ஒண்ணுமில்ல."

எனக்கு அவர் மேஜைக்குக் கீழே இருக்கும் பழைய கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. யாரும் தொடக் கூடாத கம்ப்யூட்டர். ஒரே எண்ணை இரண்டு மெஷினுக்குக் கொடுத்தால் இரண்டும் தடுமாறும். ஒரே கதவு எண்ணுள்ள இரண்டு வீட்டுக்கு நடுவில் தபால்காரர் நிற்கிற மாதிரி. இவர் அக்காவின் எண்ணை அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குக் கொடுத்து அதைப் போடுவார். அக்கா போன் செய்வார். இவர் அதை அணைத்துவிட்டு மாடி ஏறிப் போய் வயரைத் தட்டுவார்.

"அக்கா உங்களை என்ன சார் பண்ணாங்க?"

"எல்லார் முன்னாடியும் சொன்னா, 'இந்த வேலையை என் பையனே பத்து நிமிஷத்துல பண்ணிடுவான்'னு. மூணு வருஷம் ஆச்சு. மறக்குமா?"

"அவங்களுக்குப் பதவி போச்சு சார்."

"எனக்கு மரியாதை போச்சே." நோட்டின் மறுமுனையை இன்னும் அவர் விடவில்லை. "இதைப் பாரு தம்பி. நோட்டு உனக்கு வேணும். திங்கக்கிழமை ஆபீஸ் ஓடணும், அது ரெண்டு பேருக்கும் வேணும். பெட்டியை அணைச்சது நீன்னு நான் சொல்ல மாட்டேன். புள்ளியை நீ பார்க்கல. சரியா?"

அப்பாவின் 'நெட்வொர்க் ஆபீசர்' அந்த பால்கனியில் மூன்று விநாடி யோசித்தார். நான்கு என்று எழுதத்தான் ஆசை.

"சரி சார்."

அவர் நோட்டை விட்டார்.

சனிக்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் அந்த அறையில் இருந்தேன். ஒவ்வொரு வயராகப் பிடித்து, நோட்டில் பார்த்து, பெட்டியில் ஏற்றி, சரியானதும் பச்சைப் பேனாவால் டிக் போட்டேன். ஐம்பத்திரண்டு டிக். அக்காவின் பத்தொன்பது சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்திலும் ஒரு டிக். பிறகு அந்த ஒரு சொல்லை அடித்தேன். வயர்களின் இரண்டு முனையிலும் காகிதம் ஒட்டினேன். மேஜைக்குக் கீழிருந்த பழைய கம்ப்யூட்டரைப் பழைய சாமான் அறையில் போட்டேன். இவ்வளவையும் சரியாகச் செய்கிறவனுக்கு நாம் யோக்கியன் என்ற எண்ணம் எளிதாக வந்துவிடுகிறது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எழுபது ஷீட்டும் போனது. செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்து, "இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள்கூட இந்த ஆபீஸ் நெட்வொர்க் நிக்கல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்துட்டேன்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மேல்மாடி அக்காவும் தட்டினார். நானும் தட்டினேன். அவர் சொன்னதில் இரண்டாவது பாதி உண்மைதான்; அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புதன்கிழமை எனக்குக் கடிதம் கிடைத்தது. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, தமக்குப் படிக்கத் தெரியாத அந்தத் தாளைப் பத்து நிமிடம் பார்த்தார். "யார் காலையும் பிடிக்காம வாங்கிட்டியே," என்றார். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் கிளம்பும்போது நோட்டை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனேன். அக்கா பையில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வாரம் ஒரு தடவைகூட அறுந்துபோகலப்பா," என்றார். "நீ வந்து என்ன மாயம் பண்ணினே?"

சொன்னேன். பழைய கம்ப்யூட்டர், எண், புள்ளிகள், ஆஸ்பத்திரி வரைபடத் தேதி. அவர் உட்கார்ந்தார். நோட்டைப் புரட்டித் தம் பெயர் இருந்த பக்கத்தை எடுத்தார். விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனார். அழுவாரோ என்று பயந்தேன். அழவில்லை.

"இந்தப் பச்சை டிக் யாரோடது?"

"என்னோடது."

"என்னைக்குப் போட்ட?"

"ஞாயித்துக்கிழமை அக்கா."

"லெட்டர் என்னைக்கு வந்துச்சு?"

"புதன்கிழமை."

"அப்ப செவ்வாய்க்கிழமை அந்த ஆளுக்கு நான் கைதட்டினப்போ உனக்கு எல்லாம் தெரியும். என் பக்கத்துலதான் நின்னே."

நான் அந்தப் பச்சை டிக்கைப் பார்த்தேன்.

"அவனாவது மூணு வருஷம் பகையை வச்சுக்கிட்டுப் பண்ணினான்," என்றார். "நீ ஒரு பகையும் இல்லாமப் பண்ணியிருக்கே. காரியம் முடிஞ்சு லெட்டரைப் பத்திரமா பீரோவுல வச்சுட்டு, மனசு உறுத்துதுன்னு என்கிட்ட வந்து இறக்கி வைக்கிற. நான் என்ன சுமைதாங்கிக் கல்லா?"

"மேனேஜர்கிட்ட நானே வந்து சொல்றேன் அக்கா. திங்கக்கிழமை."

"திங்கக்கிழமைதான் உனக்கு எப்பவும் நல்ல நாள் போல."

நோட்டைத் திருப்பித் தருவார் என்று கையை நீட்டினேன். அவர் அதை டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துப் பையின் ஜிப்பை இழுத்தார். மேனேஜர் அறையில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா எழுந்து, நாற்காலியை மேஜைக்குள் தள்ளி, அந்த விளக்கை ஒருமுறை பார்த்தார்.

"என்ன பண்ணப் போறீங்க அக்கா?"

"ஏன்? பாஸ்வேர்டு சொல்லணுமா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, அந்த அறையை நோக்கி நடந்தார்.